சைக்ளோனில் ஏறாமல் திரும்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் நகரின் புரூக்ளினில் உள்ள கோனி ஐலண்ட் கடற்கரைப் பூங்காவைப் பற்றித் தங்கள் இதழின் பயணப் பகுதியில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடலையும், கடலோரம் நீளும் மரப்பலகை நடைபாதையையும் கட்டுரையாளர் கண்முன் கொண்டுவந்திருந்தார். ஆனால், பழைய விளையாட்டுகளை வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டால் போதும், ஏறுவதற்குப் புதியவை நிறைய இருக்கின்றன என்ற பொருளில் அவர் முடித்திருந்தது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மகள் வீட்டுக்குச் சென்றிருந்த கோடையில் அங்கே ஒரு முழுநாளைக் கழித்தவன் நான். அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஆலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

1927 ஜூன் 26 அன்று திறக்கப்பட்ட சைக்ளோன் என்னும் ரோலர் கோஸ்டரை மரத்தால் ஆனது என்று கட்டுரை சொல்கிறது. ஆனால், தாங்கி நிற்கும் சட்டங்கள் எஃகு. வண்டி ஓடும் தடம்தான் மரம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சக்கரம் படும் இடத்தில் எஃகுப் பட்டை பதித்திருக்கிறார்கள். சங்கிலி வண்டியை 85 அடி உயரத்துக்கு இழுத்துச் சென்று விடுகிறது. மோட்டாரின் வேலை அத்துடன் முடிந்தது. அதன் பிறகு வரும் இறக்கம், ஏற்றம், வளைவு எல்லாவற்றையும் அந்த முதல் உயரத்தில் சேர்த்துக்கொண்ட ஆற்றலை வைத்தே வண்டி கடந்தாக வேண்டும். முதல் இறக்கம் ஏறத்தாழ 60 பாகைச் சரிவு. வேகம் மணிக்கு 60 மைலைத் தொடும். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மரத் தடம் சற்றே அமுங்கிக் கொடுப்பதை முதுகெலும்பு உணர்கிறது. எஃகுத் தடத்தில் ஓடும் புதிய வண்டிகளில் அந்த அசைவு கிடையாது. வெளியே நின்று எத்தனை படம் எடுத்தாலும் அது படத்தில் விழாது.

வண்டி திரும்பி வந்தபோது நான் கண்ட காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நடைமேடையில் ஓர் ஊழியர் நீண்ட நெம்புகோல்களுக்கு அருகில் காத்து நின்றார். வண்டி உள்ளே நுழைந்ததும் ஒன்றைப் பிடித்து, உடம்பின் முழு எடையையும் பின்னால் சாய்த்து இழுத்தார். வண்டி முனகிக்கொண்டே வேகம் குறைந்து, ஏறுமிடத்துக்கு நேராக வந்து நின்றது. பாரம் கூடினால் எவ்வளவு முன்கூட்டி இழுக்க வேண்டும், மழை பெய்த ஈரத்தில் எப்படி இழுக்க வேண்டும் என்பதெல்லாம் கையில் ஏறியிருந்தால்தான் அப்படி நிறுத்த முடியும். அந்தக் கைப்பழக்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேர, வண்டி நாள்தோறும் ஓட வேண்டும், அதில் ஆட்கள் ஏற வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்: ஓடாத இயந்திரத்தைப் பாதுகாக்க முடியாது.

கோனி ஐலண்டின் வரலாறே இதற்குச் சாட்சி. 1884-இல் ஐந்து சென்ட் கட்டணத்தில், மணிக்கு ஆறு மைல் வேகத்தில் லாமார்க்கஸ் தாம்சன் ஓட்டிய சரிவு ரயிலுக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் எத்தனையோ விளையாட்டுகள் வந்தன. பெரும்பாலானவை இன்று இல்லை. ட்ரீம்லேண்ட் என்ற பூங்கா திறந்து ஏழே ஆண்டுகளில், 1911-இல் தீயில் முழுவதும் அழிந்தது. சைக்ளோனுக்கு இரண்டு ஆண்டு மூத்ததான தண்டர்போல்ட் 1982-இல் ஓட்டத்தை நிறுத்தியது. பல ஆண்டுகள் செடிகொடிகள் மூடிக் கிடந்த அதை 2000-இல் நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியது. சைக்ளோனுக்கும் அதே கதி வர இருந்தது. மீன் காட்சியகத்தை விரிவாக்குவதற்காக அதை இடித்துவிடலாம் என்ற திட்டம் 1970-களில் இருந்தது. மக்கள் எழுப்பிய எதிர்ப்பால் அது கைவிடப்பட்டு, வேறொரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்துச் சீரமைத்த பின், 1975 ஜூலையில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது 1988-இல்தான். சின்னம் என்ற பட்டம் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே அதைக் காப்பாற்றியவர்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்கியவர்கள். கட்டுரையில் இந்தப் பகுதி முழுவதும் விடுபட்டிருப்பது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

பாரசூட் ஜம்ப் என்ற இரும்புக் கோபுரம் சின்னமாக்கப்பட்டு இன்றும் நிற்கிறதே என்று யாரேனும் கேட்கலாம். 1939-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டு, 1941-இல் இங்கே கொண்டுவரப்பட்ட அந்தக் கோபுரம் இரவில் வண்ண விளக்குகளுடன் மிக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், 1960-களில் நின்றுபோன அதிலிருந்து இன்று யாரும் இறங்குவதில்லை. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, ஓடும் நிலையில் அதை விட்டிருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தான் எனக்கு வந்தது.

1920-இல் திறக்கப்பட்ட ஒண்டர் வீல் என்னும் ராட்சத ராட்டினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 150 அடி உயரமுள்ள அதில் 24 பெட்டிகள். எட்டு மட்டுமே விளிம்பில் நிலையாகப் பொருத்தப்பட்டவை. மற்ற 16 பெட்டிகளும் சக்கரம் சுற்றச் சுற்ற, உள்ளே வளைந்து செல்லும் தண்டவாளத்தில் உருண்டு இடம் மாறுகின்றன. நான் ஏறியது அப்படிப்பட்ட ஒன்றில். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் புரூக்ளினின் கட்டடங்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே பெட்டி திடீரென வழுக்கிக்கொண்டு போய், தடத்தின் முனையில் ஊஞ்சலாய் ஆடியது. எதிரே அமர்ந்திருந்த என் பேத்தி அலறிவிட்டு, மறுகணமே சிரிக்கத் தொடங்கினாள். குளிர்காலம்தோறும் பெட்டிகளைக் கழற்றிப் பழுதுபார்க்கிறார்கள். 1977-இல் நகரமே இருளில் மூழ்கிய இரவில், மேலே மாட்டிக்கொண்டவர்களைச் சக்கரத்தைக் கையால் சுற்றியே இறக்கியிருக்கிறார்கள். 2012-இல் சாண்டி புயலின்போது கடல்நீர் பூங்காவுக்குள் புகுந்தும், அடுத்த வசந்தத்தில் ராட்டினமும் சைக்ளோனும் ஓடின. உப்புநீர் பட்ட இயந்திரத்தை மீட்டெடுப்பது என்ன பாடு என்பது என் போன்ற தொழிலாளிக்குத் தெரியும்.

பழைய இயந்திரம் என்றால் ஆபத்து என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்வேன். 2024 ஆகஸ்டில் சைக்ளோனின் சங்கிலியை இயக்கும் பற்சக்கரத்தில் விரிசல் கண்டதும், வண்டியில் இருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டு ஓட்டத்தை நிறுத்தினார்கள். பழுதை நீக்கிச் சில வாரங்களில் மீண்டும் திறந்தார்கள். விரிசல் வராத இயந்திரம் உலகில் இல்லை. வந்ததை உடனே கண்டு நிறுத்துவதுதான் பராமரிப்பு. இதயநோயோ முதுகுவலியோ உள்ளவர்கள் சைக்ளோனைத் தவிர்க்கத்தான் வேண்டும். 54 அங்குல உயரம் இல்லாத குழந்தைகளுக்கும் அதில் அனுமதி இல்லை. 

கட்டுரையில் விடுபட்ட இன்னொரு செய்தியையும் அடுத்த இதழில் தாங்கள் வெளியிட்டால் நன்றாக இருக்கும். இந்த விளையாட்டுகள் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. வசந்தத்தில் ஈஸ்டரை ஒட்டித் திறந்து, இலையுதிர்காலத்தில் மூடிவிடுகிறார்கள். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பெரும்பாலும் வார இறுதிகளில் மட்டுமே ஓட்டம் உண்டு. டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் வாசகர்கள் இது தெரியாமல் ரயிலேறிப் போய், பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும்படி ஆகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்