தை பிறப்பதற்குள் 3,38,400 ரூபாய் வேண்டும்: ஈரல் நோயாளிகள் உணவு, மாத்திரை நிதி

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், சென்னை, திருவனந்தபுரம், வளைகுடா என்று பிழைப்புக்காகப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அன்னதானக் குழுவின் வணக்கம்.

தை 1-ஆம் தேதி அடுத்த ஆண்டுக்கான உணவுப் பொட்டலத்தை வழங்கத் தொடங்க வேண்டும். ஆண்டுச் செலவு 5,24,400 ரூபாய். கையிருப்பு 1,86,000. மருந்துக் கடைக்காரர் மார்கழி முடியும் வரைதான் கடன் தர முடியும் என்று சொல்லிவிட்டார். இதுவரை பொறுத்ததே பெரிது.

நம் குழுவின் பழைமை இளையவர்கள் பலருக்குத் தெரியாது. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், ஆரியங்காவு வழியாக மலைக்கு நடந்துபோன பக்தர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்கள் நம் முன்னோர். 1904-இல் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் நடந்து வருபவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அந்த ஆண்டுக் கார்த்திகையிலும் ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று பெரியவர்கள் இன்றும் மார்தட்டிச் சொல்வார்கள். அவர்கள் புழங்கிய வெண்கல உருளி மண்டபத்தில் இருக்கிறது. நான்கு பேர் பிடித்தால்தான் நகரும். அந்தக் கைகளின் வாரிசுகள் நாம்.

இப்போது நாம் சோறிட வேண்டியவர்கள் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். நம் ஊரிலும் புளியரையிலும், மலைக்கு மேலே ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் சேர்த்து 38 பேருக்கு ஈரல் சுருங்கி நோய் முற்றியிருக்கிறது. வயிற்றில் நீர் கோத்து, கை கால்கள் குச்சியாகிவிட்டன. இரண்டு கவளத்திலேயே வயிறு அடைத்துக்கொள்கிறது. வைட்டமின்களையும் இரும்புச் சத்தையும் சேர்த்து வைக்கும் குதிர் கல்லீரல்தான். அது பழுதானால் சேமிப்பும் போகிறது, புதிதாகச் சேர்வதும் குறைகிறது. பித்தநீர் சரியாகச் சுரக்காததால் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் ஒட்டுவதில்லை. நீர் இறங்கக் கொடுக்கும் மாத்திரையோ துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது.

இதன் விளைவை நாங்கள் வீடு வீடாகப் பார்க்கிறோம். ஒருவர் அந்தி சாய்ந்தால் நிலைப்படியில் இடித்துக்கொள்கிறார். ஓர் அம்மாவுக்கு இரவு முழுக்கக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. இன்னொருவருக்குப் பல் துலக்கினால் ரத்தம் நிற்பதில்லை. குழம்பில் உப்பு இருக்கிறதா புளி இருக்கிறதா என்றே தெரியவில்லை என்று தட்டைத் தள்ளிவிடுபவர்கள் பலர். நெடுநாள் குடித்தவர்களுக்குத் தயமின் என்ற பி1 குறைந்தால் நடை தள்ளாடிப் புத்தியும் குழம்பும். வீட்டார் அதைப் போதை என்று நினைத்துத் திட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பத்தியம். காமாலை கண்டவருக்கு முட்டை ஆகாது, பருப்பு ஆகாது என்று மோர்ச்சாதத்தை மட்டும் கொடுத்துப் பட்டினி போடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனாலும் அது பட்டினிதான். நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ முறை. குறைக்க வேண்டியது உப்பைத்தான்: ஊறுகாய், அப்பளம், கருவாடு. இரவு வெறும் வயிற்றில் படுத்தால், ஈரல் சுருங்கியவரின் உடம்பு விடிவதற்குள் தன் தசையையே கரைத்துத் தின்னத் தொடங்கிவிடுகிறது. அதனால் படுக்கப்போகும்முன் ஒரு கிண்ணம் சத்துமாவுக் கஞ்சி கட்டாயம்.

ஒரு நோயாளிக்கு மாதம் 1,150 ரூபாய் ஆகிறது. முட்டை 30-க்கு 200, கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் 230, சத்துமாவு 250, மாத்திரை 270, ரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்குவது 200. பரிசோதனை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரலுக்கே நஞ்சு. இரும்புச் சத்தையும் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரையும் நாங்கள் தருவதில்லை. உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் நீங்களும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இத்தனை நாள் தாங்கியவர்களை வணங்குகிறோம். ஓய்வூதிய நிலுவைத் தொகையை அப்படியே கொண்டுவந்து வைத்த தலைமையாசிரியை அம்மா, கூலி வாங்காமல் மாவு வறுத்து அரைத்துக் கட்டித்தரும் மகளிர் குழுச் சகோதரிகள், புனலூரிலிருந்து வந்து கட்டணமில்லாமல் பார்க்கும் மலையாள மருத்துவர், சோதனைச்சாவடி அருகே டீக்கடையில் உண்டியல் வைத்து மாதந்தோறும் பூட்டுடன் அப்படியே ஒப்படைக்கும் அண்ணாச்சி, துபாயிலிருந்து அறைக்கு இவ்வளவு என்று வசூலித்து அனுப்பும் தம்பிகள், பேத்தியின் காதுகுத்து விருந்தைச் சிறிதாக்கி மிச்சத்தைத் தந்த பாட்டி. ஆரியங்காவு ஐயன் உங்கள் குலத்தைக் காப்பான்.

குடித்துக் கெடுத்துக்கொண்டவனுக்கு நம் பணம் எதற்கு என்ற பேச்சும் காதில் விழுகிறது. 38 பேரில் குடியே தொடாதவர்களும் உண்டு. மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளாலும், சர்க்கரை நோயோடு ஈரலில் கொழுப்பு படிவதாலும் இதே நிலை வரும். குடித்தவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கஞ்சி ஊற்றிய நம் முன்னோர் வந்தவரின் குணம் விசாரித்தா அகப்பையை எடுத்தார்கள்?

சென்ற ஆண்டு நோட்டில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெயரைப் பலகையில் போட எங்களுக்கு மனமில்லை. கொடைவிழாவுக்கு வாண வேடிக்கை கேட்டபோது ஒரே மாலையில் பணம் சேர்ந்ததை மட்டும் அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

ஒரு நோயாளியின் ஓராண்டுச் செலவு 13,800 ரூபாய். முழுதாக ஏற்க முடிந்தவர்கள் ஏற்கலாம், ஒரு மாதத்துக்கு 1,150 தரலாம், 30 முட்டைக்கான 200 ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. மார்கழி முழுவதும் மாலை 5 முதல் 8 வரை மண்டபத்தில் பொருளாளர் இருப்பார். வெளியூரில் இருப்பவர்கள் உறவினர் மூலம் கொடுத்தனுப்பலாம். வரவு செலவு நோட்டை யாரும் எப்போதும் புரட்டிப் பார்க்கலாம். மார்கழி கடைசி ஞாயிறு காலை பொட்டலம் கட்டுகிறோம், கை கொடுக்க வருபவர்கள் 7 மணிக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்னதானக் குழுவினர்