பெட்டி பழசு, மென்பொருள் புதுசு: கேபிள் நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் செட்டாப் பாக்ஸ்களில் இருக்கும் மென்பொருளை அடியோடு மாற்றப்போவதாகத் திரையில் அறிவிப்பு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புதிய முகப்பு, புதிய நிகழ்ச்சி அட்டவணை, தேடும் வசதி எல்லாம் வருகிறதாம். நல்லது. பழைய மென்பொருளை எழுதியவர்களே அதைக் கைவிட்டுவிட்டால், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கக்கூட ஆள் இருக்காது என்பது எனக்கும் தெரியும். மாற்ற வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெட்டியை மாற்றாமல் அதற்குள் இருப்பதை மட்டும் மாற்றுகிறீர்களே, அதுதான் என் கவலை.

கேபிள் பெட்டிகளுக்கென்றே 2012-இல் தொடங்கிய ஆர்டிகே ஆகட்டும், 2014-இல் கூகுள் அறிமுகப்படுத்திய ஆண்ட்ராய்டு டிவி ஆகட்டும், இன்றைய மென்பொருள்கள் வேகமான சிப்பையும் தாராளமான நினைவகத்தையும் எதிர்பார்ப்பவை. எங்கள் வீட்டில் இருப்பதோ பல வருடங்களுக்கு முன் நீங்களே கொடுத்த பெட்டி.

சேனல் மாற்றும்போது நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டியூனர் புதிய அலைவரிசையைப் பிடிக்க வேண்டும். பூட்டிய ஒளிபரப்பைத் திறக்கும் சாவி வந்து சேர வேண்டும். அப்புறம் ஒரு முழுப் படச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளான எம்பெக்-2, எச்.264 இரண்டிலுமே இடையில் வரும் சட்டங்கள் பெரும்பாலும் மாற்றங்களை மட்டுமே சுமந்து வருகின்றன, அவற்றை வைத்துப் படத்தைத் தொடங்க முடியாது. இவ்வளவு தாமதமும் எந்த மென்பொருளைப் போட்டாலும் இருக்கத்தான் செய்யும். அதன் மேல் நீங்கள் ஏற்றிவைக்கும் சுவரொட்டிப் படங்கள், வழுக்கிக்கொண்டு திறக்கும் பட்டியல்கள், விளம்பரக் கட்டங்கள் ஆகியவைதான் உங்கள் கையில் இருப்பவை. எண்ணை அழுத்தினால் பெட்டி உடனே பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் மறுபடி அழுத்துவோம், இரண்டு அழுத்தமும் சேர்ந்து வேறெங்கோ போய் நிற்கும். ஆகவே புழக்கத்தில் உள்ளவற்றிலேயே மிகப் பழைய மாடலில் சோதித்துப் பாருங்கள். இப்போது இருப்பதைவிட மெதுவாக இருந்தால் அந்த மாடலுக்கு அனுப்பாதீர்கள். காத்திருப்பதில் எங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அடுத்தது ரெக்கார்டிங். ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டிகளில் பதிவுகள் பொதுவாக அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரிய சாவியால் பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறொன்றில் போட்டுப் பார்க்க வழியில்லை. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலையும் பழைய மென்பொருள் தன் பாணியில்தான் எழுதி வைத்திருக்கும். புதியதற்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்றால், டிஸ்க்கில் எல்லாம் இருந்தும் எங்களுக்கு ஒன்றும் இல்லாத கதைதான். குழந்தை பங்கேற்ற நிகழ்ச்சி, மறைந்துபோன ஒருவரின் பேட்டி என்று, மறு ஒளிபரப்பே இல்லாதவற்றையும் மக்கள் அதில் வைத்திருக்கிறார்கள். அழியும் என்றால் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். பார்த்து முடிக்கவாவது அவகாசம் கிடைக்கும்.

குழந்தைகளுக்காகப் போட்ட பூட்டு எண் தொழிற்சாலை எண்ணுக்குத் திரும்பிவிட்டால் பூட்டு திறந்து கிடப்பது யாருக்கும் தெரியாது. இது ரெக்கார்டிங் போவதைவிட மோசம். விருப்பச் சேனல் பட்டியல், சப்டைட்டில் அமைப்பு இவையும் பத்திரமாக மறுபக்கம் வந்து சேர வேண்டும்.

பார்வையற்றவர்களும் கண் மங்கிய முதியவர்களும் திரையைப் பார்த்து ரிமோட்டை இயக்குவதில்லை. மெனுவை அழுத்தி, மூன்று முறை கீழே போய், ஓகே என்று விரல் கணக்கில்தான் போகிறார்கள். வரிசையை மாற்றிய அன்றே அவர்களுக்குத் தொலைக்காட்சி அந்நியமாகிவிடும். அமெரிக்காவில் 2010-இல் வந்த அணுகல் சட்டத்தின்படி, பார்வையற்ற சந்தாதாரர் கேட்டால் திரைப் பட்டியல்களைக் குரலில் வாசிக்கும் வசதியைப் பெரிய கேபிள் நிறுவனங்கள் 2016 டிசம்பர் முதல் தர வேண்டியிருக்கிறது. எப்படியும் புதிதாகத்தானே எழுதுகிறீர்கள், அதை இப்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் ஒட்டவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் பொறியாளர்களே சொல்வார்கள்.

புதிய மென்பொருள் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று குறித்து அனுப்பப்போகிறது என்றால், எங்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்பவர்களுக்கு அதை நிறுத்தும் வழி முதல் திரையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, அனுப்பும் விதம். கேபிள் வழியாகவே கோப்பைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, பெட்டிகள் தாமாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்வீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், ஃபிளாஷ் நினைவகத்தில் மென்பொருளை வைக்க ஒரே இடம் மட்டும் உள்ள பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். இரண்டு இடம் உள்ள பெட்டிகளில் புதியது சரிபார்க்கப்படும்வரை பழையது அப்படியே இருக்கும். தேவைப்பட்டால் திரும்பிப் போகவும் முடியும். எந்தெந்த மாடல் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும். திரும்பிப் போக முடியாதவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் விருப்பம் தெரிவிக்கும் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். மாடல் வாரியான தேதிகளையும், எது தங்கும் எது அழியும் என்பதையும் இந்த மாதச் சந்தா ரசீதோடு ஒரு தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். பெட்டி செத்துப்போனால் கட்டணமில்லாமல் மாற்றித் தருவோம் என்ற உறுதியும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்