நிரலுக்கும் ஒரு ‘கே’ கொடுங்கள்

ஆதித்யா எல்-1 அனுப்பும் படங்களிலும் கொடைக்கானல் ஆய்வகத்தின் நூற்றாண்டுப் பதிவுகளிலும் சூரியனின் நுண்ணிய அமைப்புகளை நிரல் எழுதித் தேடிக்கொண்டிருக்கும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியே சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச்செய்து, அதிலுள்ள கரும்புள்ளிகளை மாணவர்களை எண்ணச் சொல்வது என் வழக்கம். ஒருநாள் ஒரே தாளைப் பார்த்து ஒரு மாணவி 11 என்றாள், பக்கத்தில் நின்றவன் 14 என்றான். இருவரும் கவனமாகத்தான் எண்ணியிருந்தார்கள். பெரிய புள்ளி ஒன்றின் ஓரத்தில் மங்கலாக மூன்று துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பெரிய புள்ளியோடு சேர்த்துவிட்டாள், அவன் தனித்தனியே எண்ணினான். யார் சொன்னது சரி என்று வகுப்பே என்னைப் பார்த்தது. என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த மூன்று துணுக்குகள்தான்.

சூரிக் நகரின் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதே சிக்கலை எதிர்கொண்டார். புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வரும் தொகையை ‘கே’ என்ற எண்ணால் பெருக்கும் சூத்திரத்தை அவர் வகுத்தார். அந்த ‘கே’ சூரியனைப் பற்றியது அல்ல. பார்ப்பவரின் கண், தொலைநோக்கி, எண்ணும் பழக்கம் ஆகியவற்றுக்கான திருத்தம் அது. மிகச் சிறிய புள்ளிகளை வோல்ஃப் எண்ணுவதில்லை. அவருக்குப் பின் வந்த ஆல்ஃபிரட் வோல்ஃபர் கண்ணில் பட்ட அனைத்தையும் எண்ணினார். இருவரும் பல ஆண்டுகள் ஒரே காலத்தில் அவரவர் முறைப்படி எண்ணியதால்தான், வோல்ஃபரின் எண்ணிக்கையை 0.6-ஆல் பெருக்கினால் வோல்ஃபின் அளவுக்கு வரும் என்று கண்டறிய முடிந்தது. ஆள் மாறியபோதும் தொடர் அறுபடவில்லை.

அந்தக் கவனம் பின்னாளில் தளர்ந்தது. அதே சூரிக்கில் பெரிய புள்ளி ஒன்றை ஒன்றாக எண்ணாமல், அதன் அளவைப் பார்த்து இரண்டு, மூன்று, ஐந்து என்று மதிப்புக் கொடுக்கும் வழக்கம் புகுந்தது. இதனால் 1947-ஐ ஒட்டி எண்ணிக்கை செயற்கையாக மேலேறியது. பிரஸ்ஸல்ஸிலுள்ள, கரும்புள்ளி எண்ணிக்கைக்கான உலகத் தரவு மையம் இதைத் திருத்தி, தொடரைப் புதிதாக வெளியிட்டது 2015 ஜூலையில். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள்! அதுவரை சூரியனின் வலிமையையும் பூமியின் தட்பவெப்பத்தையும் ஒப்பிட்ட எத்தனையோ பேர் அந்த வீங்கிய எண்களை நம்பிக் கணக்குப் போட்டிருப்பார்கள்.

இப்போது எண்ணுபவை உங்கள் நிரல்கள். அது தவிர்க்க முடியாதது என்பதை நன்றாக அறிவேன். நாசாவின் சோலார் டைனமிக்ஸ் அப்சர்வேட்டரி 2010 முதல் சில நொடிகளுக்கு ஒன்றாக, பக்கத்துக்கு 4,096 படப்புள்ளிகள் (பிக்சல்) கொண்ட படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அத்தனையையும் எந்த மனிதர் உட்கார்ந்து பார்ப்பது? பத்து நொடி ஒளிர்ந்து அணையும் ஒன்றை இரவுபகலாகத் தேட இயந்திரத்தால்தான் முடியும். நிரல் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு பார்வையாளர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள் என்கிறேன்.

சோலார் ஆர்பிட்டர் விண்கலம் 2020 மே 30 அன்று எடுத்த படங்களை எடுத்துக்கொள்வோம். அமைதியான சூரியப் பரப்பின் மேலே சின்னஞ்சிறு ஒளிர்வுகள் தெரிந்தன. அவற்றுக்கு ‘கேம்ப்ஃபயர்’ (முகாம் நெருப்பு) என்று பெயர் வந்தது. ஒரு தானியங்கி நிரல் 1,467 நிகழ்வுகளைப் பட்டியலிட்டது. அவற்றின் நீளம் 400 முதல் 4,000 கிலோமீட்டர் வரை, ஆயுள் 10 முதல் 200 நொடி வரை. செய்தித்தாள்கள் கொண்டாடின, நானும் வகுப்பில் கொண்டாடினேன். ஆனால் ஒளிர்வு இவ்வளவு இருந்தால்தான் நிகழ்வு என்ற வரம்பைச் சற்று ஏற்றியிருந்தால் எத்தனை வந்திருக்கும்? சற்று இறக்கியிருந்தால்? பக்கத்துப் பக்கத்து ஒளிர்வுகள் இரண்டை ஒன்றாகக் கொள்வதா, பிரிப்பதா? என் மாணவர்களின் மூன்று துணுக்குகள்தான் இங்கேயும் நிற்கின்றன.

இதை எண்ணிக்கைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பான ஒளிமண்டலம் 6,000 டிகிரிக்குள் இருக்க, அதற்கு மேலே வெளி வளிமண்டலமாக உள்ள கொரோனா பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுவது ஏன் என்பது நெடுநாள் புதிர். மிகச் சிறு வெடிப்புகள் கணக்கின்றி நிகழ்ந்து அந்த வெப்பத்தைத் தருகின்றன என்று யூஜின் பார்க்கர் 1988-இல் முன்வைத்தார். அது சாத்தியமாக வேண்டுமானால், ஆற்றல் குறையக் குறைய நிகழ்வுகளின் எண்ணிக்கை மிக வேகமாகப் பெருக வேண்டும். அந்த வேகத்தைக் காட்டும் அடுக்கெண் 2-ஐத் தாண்ட வேண்டும் என்று ஹியூ ஹட்சன் 1991-இல் காட்டினார். 2-க்குக் கீழே என்றால் சிறு வெடிப்புகளால் மட்டும் ஆகாது. பிறகு சூரியனைப் படமெடுத்த நாசாவின் டிரேஸ் விண்கலத்தின் படங்களைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றின் விடை சுமார் 1.8, மற்றொன்றின் விடை 2-க்கு மேல். விண்கலம் ஒன்றே. எதை நிகழ்வு என்று கொள்வது, அதன் ஆற்றலை எப்படிக் கணிப்பது என்பவை வேறு. கொரோனா ஏன் சுடுகிறது என்ற கேள்விக்கான பதிலே அந்தத் தேர்வில் புரண்டுவிடுகிறது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கொரோனாவில் வளைவுகளாக ஒளிரும் வளையங்களைப் படத்திலிருந்து கோடு கோடாகப் பிரித்தெடுக்கும் நிரல்கள் பல உண்டு. ஆனால் வளையமாகத் தெரிபவற்றில் பல தனி இழைகளே அல்ல, மெல்லிய திரை மடிந்த இடங்களைப் பக்கவாட்டில் பார்க்கும்போது உண்டாகும் தோற்றமாக இருக்கலாம் என்று 2022-இல் அன்னா மலானுஷென்கோவும் உடன் ஆய்வாளர்களும் கணினி மாதிரியைக் கொண்டு வாதிட்டார்கள். திரைச்சீலையில் மடிப்பு விழுந்த இடம் கயிறுபோலத் தெரிவதைப் போல. அது முடிந்த முடிவு அல்ல. என்றாலும், கோட்டைக் கண்டுபிடிக்கச் சொன்ன நிரல் கோட்டைத்தான் கண்டுபிடிக்கும். அங்கே இருப்பது கயிறா மடிப்பா என்று அது தானாகக் கேட்காது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள்: நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு பட்டியலோடும் அந்த நிரலின் ‘கே’ எதுவோ அதையும் வெளியிடுங்கள். வரம்பை ஏற்றி இறக்கினால் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பதை முதல் பக்கத்திலேயே காட்டுங்கள். நிரல் தள்ளிவிட்டவற்றையும் பாதுகாத்து வையுங்கள். புதிய பதிப்பு வந்ததும் பழையதை அணைத்துவிடாமல், வோல்ஃபும் வோல்ஃபரும் போல இரண்டையும் ஒரே படங்களின் மீது நீண்ட காலம் சேர்த்து ஓட விடுங்கள்.

கொடைக்கானலுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஜான் எவர்ஷெட் 1909-இல் கரும்புள்ளிகளிலிருந்து வாயு ஆரத் திசையில் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது அந்த மலையில்தான். அங்கே 1904 முதல் எடுத்த படங்களோடு, கையால் வரைந்த சூரிய வரைபடங்களும் இருக்கின்றன. கரும்புள்ளி, இழை (சூரியப் பரப்பின் மேல் கருங்கோடாகத் தெரியும் வாயுத் திரள்), பிளாஜ் (பிரகாசமான திட்டு) ஒவ்வொன்றையும் வேறு வேறு நிறத்தில் ஒருவர் அன்றன்று பார்த்து, முடிவெடுத்து, குறித்த தாள்கள் அவை. அவற்றிலிருந்து இழைகளைக் கணினி கொண்டு பிரித்தெடுக்கும் பணி தொடங்கிவிட்டது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தாள்களை நிரலுக்கு ஊட்டும் தீனியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். அதே நாளின் படத்தில் நிரல் சொல்வதையும் அன்று வரைந்த கை சொன்னதையும் அருகருகே வைத்து, எங்கே முரண்படுகின்றன என்று பட்டியலிடுங்கள். ஒரே சூரியனை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மனிதக் கண் குறித்து வைத்த பதிவு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. நுண்ணிய கேம்ப்ஃபயர் அதில் தெரியாது, உண்மைதான். ஒரு நிரல் எந்த இடத்தில் சேர்க்கிறது, எந்த இடத்தில் பிரிக்கிறது என்ற குணம் அதில் தெரியும்.

ஆள் போதவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். நிரல் தடுமாறிய இடங்களாகப் பார்த்து நூறு வெட்டுப்படங்களைத் தேர்ந்தெடுத்து, நிரலின் விடையைச் சொல்லாமல் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே எண்ணுவார்கள். விடைகள் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை