ஓய்வறைப் பேச்சு அரட்டையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சிக்கு அழைத்தால்தான் ஆசிரியர்கள் எதையாவது கற்றுக்கொள்கிறார்களாம். மற்ற நேரமெல்லாம் ஓய்வறையில் அரட்டையாம். தாங்களும் படித்துப் பார்த்துத்தானே இந்த வரியை அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்? பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவள் நான். மனம் வெகுவாகப் புண்பட்டது.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஓய்வறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. தலைமையாசிரியர் அறையில், பாடப்புத்தகக் கட்டுகளுக்கும் பீரோவுக்கும் நடுவே நாலு நாற்காலிகள், அவ்வளவுதான். கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துதான்.

சில ஆண்டுகளுக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் ஆறாம் வகுப்பிலிருந்து கண் கலங்கி வந்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பிள்ளைகளில் பாதிப் பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். நாள்கணக்கில் நடத்திய பாடம். தனக்கு இந்த வேலைக்கே தகுதியில்லை என்று சொல்லி அழுதார். அங்கிருந்த மூத்த இடைநிலை ஆசிரியை, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், அவருக்குப் புத்தி சொல்லவில்லை. “எனக்கும் இப்படித்தான் ஆகியிருக்கிறது டீச்சர்” என்றபடி பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்தார். நீளவாக்கில் இரண்டாகவும் குறுக்குவாக்கில் மூன்றாகவும் மடித்துப் பிரித்தார். ஆறு கட்டங்கள். அரைக்கு மூன்று கட்டங்களில் கோடு போட்டார், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டங்களில் புள்ளி வைத்தார். ஆறில் ஐந்து. “நாளைக்கு இதைக் காட்டுவதற்கு முன்னால், அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா என்று மட்டும் கேளுங்கள்” என்றார். மறுநாள், ஐந்தில் இரண்டு அரைக்கும் குறைவு என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் இருந்து கேட்ட நானும் அன்றிலிருந்து பின்னத்தை அப்படித்தான் தொடங்குகிறேன். அந்த ஆசிரியை அழுகையை விழுங்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போயிருந்தால் எங்கள் இருவருக்குமே இது கிடைத்திருக்காது. இதைத்தான் தங்கள் கட்டுரை அரட்டை என்கிறது.

தன் வகுப்பில் எது வரவில்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, கேட்பவர்கள் மேல் நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைதான் எங்களிடமிருந்து பறிபோகிறது. வாய்ப்பாடு சொல்லத் தடுமாறிய ஒரு பையனைக் காட்டி, ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வகுப்பு முழுவதும் கேட்க, நான் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று கேட்டார். அவன் வேறு ஊரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தவன். அதைச் சொல்ல எனக்கு வாய்ப்பே தரவில்லை. அதன்பின் வெகுநாள் எங்கள் அறையில் யாரும் பாடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசியது வெளியே போனால் மெமோ வருமோ என்ற பயம்.

அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் வந்த கதை தாங்கள் அறியாததல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியபோது, ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவந்த ஆசிரியர்களே கூடிப் பேசி அட்டைகளை உருவாக்கினார்கள். 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தபோது எங்களுக்குக் கிடைத்தவை அச்சடித்த அட்டைகளும் உத்தரவும்தான். ஏன், எப்படி என்று கேட்டவர்களுக்கு ஒத்துழைக்காதவர் என்ற பெயர். 2022-இல் எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்ப்பதற்கென ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோதும் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதையேதான் சொல்லி வருந்தினார்கள். சுற்றுப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நடக்கும் குறுவள மையப் பயிற்சிக்குப் போனால் திரையில் ஓடுவதைப் பார்க்க வேண்டும், வருகையைப் பதிய வேண்டும், புகைப்படத்துக்கு நிற்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பினால் எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகள் காத்திருக்கும்.

இவை போதாதென்று, பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அப்படி ஒரு தேர்வே இல்லாத காலத்தில் முறைப்படி பணிக்கு வந்தவர்கள் நாங்கள். செய்தித்தாளை மடித்துக் காட்டிய அந்த அக்கா இன்று மதிய இடைவேளையில் வழிகாட்டி நூலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க இளையவர்களுக்கு மனம் வருவதில்லை. தேர்வில் தவறிவிட்டால் மாணவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குறுவள மையப் பயிற்சி நாளில் பிற்பகலை மட்டும் கல்வித் துறை எங்களிடமே விட்டுவிடட்டும். சுற்றுப் பள்ளிகளில் ஒரே பாடம் நடத்துபவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் வகுப்பில் நடந்ததைப் பேசிக்கொள்கிறோம். அதற்கு அறிக்கை கேட்க வேண்டாம், புகைப்படம் கேட்க வேண்டாம், மேலதிகாரிகளும் வர வேண்டாம். தாங்கள் அந்த ஒரு வரிக்கு மறுப்பாக இக்கடிதத்தை வெளியிட்டால் போதும். அரசு ஊழியர் என்பதால் என் பெயரையும் பள்ளியின் பெயரையும் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.