கூட்டில் யார் மேலே, யார் கீழே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண்புரை அறுவை செய்துகொண்டதால் படிப்பு, எழுத்து இரண்டுக்கும் தடை இருந்தது. இப்போது பார்வை துலக்கமாக இருக்கிறது. முதல் வேலையாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மறுவாழ்வு மையத்தில் நீ பார்த்த சகோதரர்களைப் பற்றி எழுதி, ஒரே வீட்டில் வளர்ந்தும் அண்ணன் தப்பித்துத் தம்பி மட்டும் போதையில் சிக்கியது மனவுறுதிக் குறைவால்தானே என்று கேட்டிருந்தாய். ஆயுள் முழுவதும் விலங்கியல் நடத்தியவனிடம் கேட்டால் குரங்கையும் எலியையும் கொண்டுதான் பதில் வரும், பொறுத்துக்கொள்.

அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடரின் குழு 20 ஆண் மக்காக் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஒன்றரை ஆண்டுக் காலம் தனித்தனிக் கூண்டில் இருந்த அவற்றை, மூளைக்குள் நடப்பதைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் பார்த்துக்கொண்ட பிறகு, நான்கு நான்காகச் சேர்த்து விட்டார்கள். வழக்கம்போல ஒவ்வொரு குழுவிலும் ஒன்று தலைமை பிடித்தது, ஒன்று அடிமட்டத்துக்குத் தள்ளப்பட்டது. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, தலைமை பிடித்தவற்றின் மூளையில், நாட்டத்தைத் தூண்டும் வேதிப்பொருளான டோபமைனை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகளுக்கான அளவீடு கூடியிருந்தது, அடங்கிப்போனவற்றில் மாறவில்லை. கோகைனைத் தாமே செலுத்திக்கொள்ள வசதி செய்து கொடுத்தபோது, கீழ்நிலைக் குரங்குகள் அதை விடாமல் நாடின, தலைமைக் குரங்குகளுக்கோ அதில் பெரிய நாட்டமில்லை. இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது நிகழ்ச்சிகளின் வரிசைதான்: தனியாக இருந்தபோது, பின்னால் தலைவனாகப் போகிறவனுக்கும் அடங்கப் போகிறவனுக்கும் இந்த அளவீட்டில் வேறுபாடே இல்லை. இடம் முதலில் வந்தது, மூளை பிறகு மாறியது.

எலிகளில் இதை இன்னும் அருகிலிருந்து பார்க்கலாம். தன் கூண்டில் உரிமையோடு வாழும் முரட்டு ஆண் எலியிடம் ஓர் அந்நிய எலியை விடுகிறார்கள். சில நிமிடக் கடிபாட்டில் வந்தவன் மல்லாந்து வயிற்றைக் காட்டிப் பணிந்துவிடுகிறான். உடனே அவனைக் கம்பிவலைக்குள் வைத்து, அதே கூண்டிலேயே விட்டுவைக்கிறார்கள். கடி விழாது, ஆனால் எதிரியின் மணமும் மிரட்டலும் வலைக்கு வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து நாளில் நான்கு முறை இப்படித் தோற்ற எலி, பல நாள் கழித்துக் கோகைன் கிடைக்கும்போது, தோல்வியே காணாத எலியைவிட அதிகமாக, ஒரு நாள் முழுக்க, கோகைன் தரும் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் மிக்ஸெக்கின் குழு கண்டது இது. ஆனால் வாரக்கணக்கில் ஓயாமல் எதிரியின் கூண்டிலேயே வாழ வைக்கப்பட்ட எலி நேர்மாறாக நடந்தது: கோகைனும் குறைந்தது, இனிப்பு நீரில் இருந்த ஆசையும் குறைந்தது. அவ்வப்போது விழும் அடி டோபமைன் பாதையைக் கூர்மையாக்குகிறது. ஓயாத அடி அதை மங்க வைக்கிறது. இரண்டையும் நாம் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகிறோம் என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அதே நேடர் குழு பின்னர் பெண் குரங்குகளைப் பார்த்தபோது, தலைமை வகித்த பெண்களிடம் டி2 அளவு உயர்ந்துதான் இருந்தது, ஆனால் கோகைனில் எளிதாக விழுந்தவை அவைதாம். ஆகவே ‘தாழ்ந்தவன் விழுவான்’ என்று சூத்திரம் எழுதிவிட முடியாது.

எலிக்கும் மனிதனுக்கும் உள்ள தூரம் எனக்கும் தெரியும். இருந்தாலும் உன் மனவுறுதி வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்தத் தம்பியிடம் எப்போது தொடங்கினாய் என்று மட்டும் கேட்டிருப்பீர்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் வீட்டிலும் வேலையிலும் அவன் யாருக்குக் கீழே இருந்தான், அடி எப்போதாவது விழுந்ததா, நாள்தோறுமா என்று கேட்டுப் பார்த்து எனக்கு எழுது. அண்ணனிடமும் இதையே கேள். அவன் பதில்தான் எனக்கு அதிகம் வேண்டும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்