லெந்து கூட்டத்துக்கு தோள் குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். லெந்து கூட்டம் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல வீடு வீடா நடக்கிற ஜெபம்) முடிஞ்சு, ஈஸ்டரும் முடிஞ்சு பந்தல் கயிறு எல்லாம் அவுத்து வச்சாச்சு, ஆனா நன்றி மட்டும் இன்னும் சொல்லல. வீடு வீடா போய் சொன்னா பாதி பேரு "அதெல்லாம் எதுக்கு, உக்காரு காபி குடி"ன்னு பேச்ச மாத்திருவீங்க, அதனால எல்லாரும் படிக்கிற மாதிரி இங்க எழுதுறேன். பேரு யாரோடதும் போடல, சிலருக்கு பிடிக்காது, சில விஷயம் பேரு போட்டு எழுதுறதுக்கும் இல்ல. படிக்கும்போதே அது நீங்கதான்னு உங்களுக்கு தெரிஞ்சுரும்.

முதல்ல எங்க ஐயருக்கு, அதாவது எங்க சபை போதகருக்கு. வழக்கமா லெந்துல ஒவ்வொரு வீட்டு ஜெபத்துக்கும் ஒவ்வொரு தலைப்பு போடுவாங்க, சிலுவைப்பாடு, யூதாஸ், பேதுரு அழுதது, இப்படி. இந்த தடவ "ஒரே வசனத்த வச்சு போவோமா ஐயரே"ன்னு கேட்டதும் யோசிக்காம சரின்னுட்டாரு. மத்தேயு 5:8, "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்". சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி ப்ரைஸ் வாங்கின வசனம், காலண்டர்லயும் கல்யாண வாழ்த்து மடல்லயும் பாத்து பாத்து கண்ணு பழகிப்போன வசனம். இத வச்சு ஈஸ்டர் வரைக்கும் ஓட்ட முடியுமான்னு கமிட்டில ரெண்டு பேரு சந்தேகப்பட்டாங்க, அவங்களுக்கும் நன்றி, ஏன்னா அந்த சந்தேகத்தாலதான் ஒழுங்கா தயார் பண்ணோம்.

ஐயர் ஆரம்பிச்ச விதத்த சொல்லியே ஆகணும். மாற்கு 7ம் அதிகாரம், கை கழுவாம சாப்புடறாங்கன்னு சீஷர் மேல பரிசேயர் குத்தம் சொன்ன இடம். மனுஷன தீட்டுப்படுத்துறது உள்ள இருந்துதான் வருதுன்னு சொல்லிட்டு இயேசு ஒரு பட்டியல் போடுறாரு, மொத்தம் 13. அத ஆளுக்கு ஒண்ணா சத்தமா வாசிக்க சொன்னாரு. விபசாரம், வேசித்தனம்னு வந்தப்ப வாலிபப் பசங்க எல்லாம் தலைய குனிஞ்சுட்டாங்க, பெரியவங்க "கேளுங்கலே நல்லா"ங்கிற மாதிரி அவங்கள பாத்தாங்க. அப்புறம் பொருளாசை, கபடு, வன்கண் (அதாவது பொறாமை), பெருமைன்னு வரிசையா வந்துச்சு. "ஐயரே, இதுவும் அதே லிஸ்ட்லதான் இருக்கா?"ன்னு ஒரு அண்ணாச்சி கேட்டே கேட்டுட்டாரு, கூடமே சிரிச்சிருச்சு. அந்த அண்ணாச்சிக்கு தனியா ஒரு நன்றி. இருதய சுத்தம்னாலே சின்னப் பிள்ளைங்களும் அவங்க போனும்னு நாம ஒதுக்கி வச்சிருந்தத அந்த ஒரு கேள்வி உடைச்சிருச்சு. வயசானவங்களுக்கு இச்சை குறைஞ்சிருக்கலாம், அடுத்தவன் மாடி கட்டுறத பாத்தா வர்ற எரிச்சல் குறையுதா?

அப்புறம் எங்க தமிழ் வாத்தியார் பெரியப்பா. ரிட்டயர் ஆகியும் குரல் குறையல. தாவீது ராஜா மனம் உடைஞ்சு பாடுன 51ம் சங்கீதத்த எடுத்தாரு, ஆனா நேரா சங்கீதத்துக்கு போகாம அதுக்கு முந்தி நடந்தத சொன்னாரு. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது கிட்ட வந்து ஏழையோட ஒத்த ஆட்டுக்குட்டிய பணக்காரன் பிடுங்கிட்டான்னு கதை சொல்றான், தாவீதுக்கு கோபம் வருது, அவன் சாகணும்ங்கிறான், "நீயே அந்த மனுஷன்". பெரியப்பா கேட்டது இதுதான், தாவீதுக்கு நியாயம் தெரியாமயா இருந்துச்சு, நல்லாவே தெரிஞ்சுது, அடுத்தவன் கதைல உடனே தெரிஞ்சுது, தன் கதைல தெரியல. அடுத்தவன் மனைவி பத்சேபாள தாவீது எடுத்துக்கிட்ட விஷயம் நடந்து பிள்ளையும் பிறந்தாச்சு, அத்தனை மாசமும் ராஜா ராஜாவாத்தான் இருந்திருக்காரு, நாத்தான் வராட்டி "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்"ங்கிற ஜெபம் அவர் வாயில வந்திருக்குமாங்கிறது சந்தேகம்தான்னாரு.

எனக்கு இந்த லெந்துல பிடிபட்ட விஷயமே அதுதான். இருதயமே திருக்குள்ளதுன்னு எரேமியா தீர்க்கதரிசி சொல்றது, நாம கெட்டவங்கன்னு திட்டுறதுக்கு மட்டும் இல்ல, நம்ம இருதயத்த நாமளே தனியா உக்காந்து பரிசோதிச்சா நமக்கு சாதகமாத்தான் ரிசல்ட் வரும்ங்கிறதுக்கும்தான். 2 தீமோத்தேயு 2:22ல வாலிப இச்சைக்கு விலகி ஓடுங்கிறது எல்லாருக்கும் தெரியும், எல்லா யூத் கேம்ப்லயும் அதோட நிறுத்திருவாங்க. அதே வசனத்துலயே "சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே"ன்னு இருக்கு. கூட்டத்தோட ஓடுன்னு சொல்லிருக்காரு பவுல். அதனாலதான் இந்த நன்றிய வெறும் மரியாதைக்காக எழுதல, ஆளுங்க இல்லாம இது நடக்கவே நடக்காதுங்கிறதுனால எழுதுறேன்.

இறையியல் கல்லூரில படிக்கிற நம்ம தம்பிக்கு நன்றி. லீவுல வந்தவன பிடிச்சு பேச சொன்னோம், பயந்துகிட்டே வந்தான், பெரிய பெரிய வார்த்தை எதுவும் போடாம ஒரு கதை மட்டும் சொன்னான். எகிப்து பாலைவனத்துல 4ம் நூற்றாண்டுல மோசேன்னு ஒரு துறவி, அதுக்கு முன்னாடி கொள்ளைக்கூட்டத்துல இருந்த ஆளு. மடத்துல ஒருத்தன் தப்பு பண்ணிட்டான்னு விசாரிக்க எல்லாரும் கூடி இவரையும் கூப்புட்டாங்க. இவரு ஓட்டைப் பாத்திரத்துல தண்ணிய ஊத்தி தூக்கிட்டு வந்தாரு, வழியெல்லாம் ஒழுகுது. என்னய்யா இதுன்னு கேட்டதுக்கு, என் பாவம் எனக்கு பின்னால ஒழுகிட்டே வருது, எனக்கு அது தெரியல, நான் இன்னொருத்தன் தப்ப விசாரிக்க வந்துட்டேன்னாரு. அந்த ஆள மன்னிச்சு விட்டுட்டாங்களாம். தம்பி இத சொல்லிட்டு டக்குன்னு உக்காந்துட்டான், ஜெபிச்சு முடிக்கணும்ங்கிறதே அவனுக்கு மறந்துபோச்சு. பரவால்ல தம்பி, அடுத்த தடவையும் நீதான் பேசணும்.

இப்ப கொஞ்சம் நிதானமா எழுத வேண்டிய ஒண்ணு. ஒரு பிள்ளை, காலேஜ் படிக்குது, கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஐயரம்மா (ஐயரோட மனைவி) கிட்ட வந்து அழுதுச்சு. ஜெபம் பண்ண உக்காந்தா அசிங்கமான நினைப்பா வருது, சாமிய திட்டுற மாதிரி கூட வருது, மன்னிப்பு கேக்குது, திரும்ப வருது, திரும்ப கேக்குது, ராத்திரி தூக்கமே இல்ல, இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள்னு நீங்க வசனம் வாசிக்கும்போதெல்லாம் நான் நரகத்துக்குத்தான்னு தோணுதுன்னு. (அந்த பிள்ளையும் அம்மாவும் எழுதச் சொல்லித்தான் எழுதுறேன், இன்னும் நாலு பிள்ளைங்களுக்கு உதவும்னு.) ஐயரம்மா உடனே பிரசங்கம் பண்ணல, முதல்ல சாப்புட வச்சாங்க. மறுநாள் நம்ம சபைல மனநல வார்டுல நர்ஸா இருக்கிற அக்காவ கூப்புட்டு பேச வச்சாங்க. அக்கா சொன்னது, வேண்டாம் வேண்டாம்னு தள்ளத் தள்ள திரும்ப வர்ற நினைப்பும் நாமளே கூப்புட்டு உக்கார வச்சு ரசிக்கிற நினைப்பும் ஒண்ணு இல்ல, முதல்ல சொன்னது ஓசிடிங்கிற நோயாவும் இருக்கலாம், அதுக்கு டாக்டர் இருக்காங்க, கவுன்சலிங் இருக்கு, மருந்து இருக்கு, டாக்டர் கிட்ட போறது அவிசுவாசம் ஆகாது. யாக்கோபு 1ல இச்சை கர்ப்பந்தரிச்சுதான் பாவத்த பிறப்பிக்குதுன்னு இருக்கு, மனசுல ஒண்ணு வந்து மோதுன உடனே பாவம்னு அங்க சொல்லலன்னு ஐயரும் எடுத்து சொன்னாரு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தரே துறவியா இருந்தப்ப இப்படித்தான் தவிச்சிருக்காரு, ஸ்டௌபிட்ஸ்னு தன் மூத்தவர் கிட்ட மணிக்கணக்கா பாவ அறிக்கை பண்ணுவாரு, வெளிய வந்த உடனே இன்னொண்ணு ஞாபகம் வந்து திரும்ப ஓடுவாராம், அந்த மூத்தவருக்கே அலுத்துப்போச்சு. அந்த பிள்ளை இப்ப ட்ரீட்மெண்ட்ல இருக்கு, தூங்குது. நர்ஸ் அக்கா, நைட் ட்யூட்டி முடிச்சு கண்ணு சிவந்துபோய் வந்து உக்காந்தீங்க, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. என் கருத்து, இருதய சுத்தத்த பத்தி பேசுற எல்லா மேடையிலயும் இதையும் சேத்து சொல்லணும், சொல்லாம வெறும் பயம் காட்டுறவங்க மேல எனக்கு கோபம்தான் வருது.

வாலிபர் சங்கத்து பசங்களுக்கு நன்றி. ராத்திரி பத்து மணிக்கு மேல செல்போன அடுக்களைல சார்ஜ் போடணும், படுக்கற ரூமுக்கு கொண்டு போகக்கூடாதுன்னு அவங்களே பேசி முடிவு பண்ணாங்க, பெரியவங்க யாரும் சொல்லல. அதுலயும் ஒருத்தன், அப்பா அம்மா போனும் அதே அடுக்களைல இருக்கணும்னு கண்டிஷன் போட்டான் பாருங்க, அங்கதான் பல வீட்ல பிரச்சனையே ஆரம்பிச்சுது! சீரியல் ஒருபக்கம், குடும்ப குரூப்ல வம்பு ஒருபக்கம். போன மட்டும் எடுத்துட்டா போதாது, காலியா கூட்டி வச்ச வீட்டுக்கு, முன்னாடி வெளிய போன ஆவி தன்னைவிட மோசமான ஏழு ஆவியோட திரும்பி வந்ததுன்னு மத்தேயு 12ல இருக்கேன்னு ஒரு பாட்டி சொன்னாங்க, அதுக்கப்புறம்தான் பசங்க சனிக்கிழமை சாயங்காலம் வாலிபால் நெட் கட்டுனது. பாட்டிக்கும் நன்றி, நெட்டுக்கு காசு குடுத்த துபாய் அண்ணனுக்கும் நன்றி.

ரெண்டு பேரு நடுவுல நடந்தத சொல்லாம விட முடியாது, சம்மதம் வாங்கிட்டேன். ஒரு மைனியும் அவங்க நாத்தனாரும், நகை விஷயத்துல பேச்சு நின்னுபோய் பல வருஷம், ஒரே கோயிலு, இந்த பக்கம் ஒருத்தங்க அந்த பக்கம் ஒருத்தங்க. காணிக்கைய பலிபீடத்து முன்னாடி வச்சுட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு மத்தேயு 5:24 வாசிச்ச அன்னைக்கு நாத்தனார் எழுந்திரிச்சு மைனி உக்காந்திருந்த பாய்க்கே போய் "மைனி, நான் பேசுனது தப்பு"ன்னாங்க. மைனி ஒண்ணும் சொல்லல. அழவும் இல்ல, கட்டிப்பிடிக்கவும் இல்ல. ஆனா பெரிய வியாழன் ராத்திரி திருவிருந்து முடிஞ்சு ஆட்டோல இடம் இல்லாதப்ப நகந்து உக்காந்து இடம் குடுத்தாங்க. இன்னும் பழைய மாதிரி ஆகல, மைனிக்கு வலி பெருசு, அவசரப்படுத்தக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிறேன். ரெண்டு பேருக்கும் நன்றி, முக்கியமா மைனிக்கு, பொய்யா சிரிச்சு "எல்லாம் சரியாப்போச்சு"ன்னு சாட்சி சொல்லாததுக்கு. கபடும் அந்த 13ல ஒண்ணுதானே.

வாக்குவாதம் பண்ண அண்ணன்மாருக்கும் நன்றி! பெந்தெகொஸ்தே சபைல இருந்து வந்த அண்ணன் இந்த உலகத்துலயே முழுசா பரிசுத்தமாக முடியும்ங்கிறாரு, லுத்தரன் சபை அண்ணன் சாகுற வரைக்கும் போராட்டம்தான்ங்கிறாரு. ஒருத்தர் 1 யோவான் 3:3ல தன்னையும் சுத்திகரித்துக்கொள்ளுகிறான்னு இருக்குங்கிறாரு, இன்னொருத்தர் அப்போஸ்தலர் 15:9ல விசுவாசத்தினாலே தேவன்தான் இருதயத்த சுத்தமாக்குனாருன்னு இருக்குங்கிறாரு. ரெண்டும் ஒரே பைபிள்லதான் இருக்கு. அன்புல பூரணமாகலாம்னு ஊர் ஊரா பிரசங்கிச்ச, மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியே, நான் அந்த நிலைய அடைஞ்சுட்டேன்னு சொல்லிக்கிட்டதில்லன்னு ஐயர் சொன்னதும் கொஞ்சம் சத்தம் குறைஞ்சுது. முடிவு வரல, வரவும் வேண்டாம், அடுத்த வருஷமும் வாங்க ரெண்டு பேரும்.

கத்தோலிக்க கோயில்ல இருந்து வந்த டீச்சருக்கு நன்றி. ராத்திரி படுக்கும்முன்ன அன்னைக்கு நாள பின்னோக்கி பாத்து, முதல்ல நன்றி, அப்புறம் எங்க சறுக்குனோம், அப்புறம் நாளைக்கு என்னன்னு யோசிக்கிற ஆத்தும சோதனைய, இயேசு சபைய ஆரம்பிச்ச லொயோலா இஞ்ஞாசியார் காலத்துல இருந்து வர்றத, நம்மாளுங்களுக்கு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. நம்ம திருவிருந்து ஆராதனை தொடக்கத்துலயும் எல்லா இருதயத்தையும் அறிஞ்சவரே எங்க நினைவுகள சுத்தமாக்கும்னு ஒரு ஜெபம் இருக்கு, 1549ல இங்கிலாந்து சபை ஜெபப்புஸ்தகத்துல வந்து, அங்க இருந்து நம்ம சி.எஸ்.ஐ. வரைக்கும் வந்தது. லேட்டா வந்து செருப்ப எங்க விடுறதுன்னு தேடுற நேரத்துல அது போயிரும். டீச்சர் சொன்னப்புறம் சில பேரு சீக்கிரமே வர்றாங்க, கோயில பாத்துக்கிற கோயில்பிள்ளைக்கே ஆச்சரியம்.

கடைசியா சமையக்கட்டு கூட்டணி. சுண்டல், கருப்பட்டி காபி, தினமும் அத்தனை பேருக்கு. டம்ளர் கழுவுன பெரியம்மா சொன்னத எந்த பிரசங்கத்துலயும் நான் கேட்டதில்ல. பாத்திரத்தோட உட்புறத்த முதல்ல சுத்தம் பண்ணுன்னு மத்தேயு 23ல வாசிச்ச அன்னைக்கு, புளி போட்டு தேய்ச்சுகிட்டே "வெளிய பளபளன்னு ஆக்க ஒரு நிமிசம் போதும் மக்கா, அடியில ஒட்டுன கருப்பட்டிக்குத்தான் கை வலிக்கும், அதுவும் ஊற வைக்காம தேய்ச்சா நகம்தான் போவும்"ன்னாங்க. ஊற வைக்கணும்ங்கிறத நான் குறிச்சு வச்சுக்கிட்டேன்.

மைக் செட் தம்பி, வயசானவங்கள ஆட்டோல ஏத்தி இறக்கி காசே வாங்காத அண்ணன், கரண்ட் போனப்ப இன்வெர்ட்டர்ல இருந்து ஒயர் இழுத்துக் குடுத்த பக்கத்து வீட்டு குடும்பம் (அவங்க கோயில் கொடைக்கு நாங்க வந்து நிக்கிறோம்), பாய் விரிச்சு மடக்குன சண்டே ஸ்கூல் வாண்டுங்க, எல்லாருக்கும் நன்றி.

கணக்கு ஐயர் கிட்ட இருக்கு, யாரு வேணாலும் பாக்கலாம், மிச்ச காச அந்த பிள்ளையோட மருந்து செலவுக்கு குடுக்கலாம்னு கமிட்டி சொல்லிருக்கு, ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிருங்க. அப்புறம் நீல கலர் சேர் ரெண்டும் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளியும் எங்க வீட்டு திண்ணையில இருக்கு, யாரோடதுன்னு தெரியல, வந்து எடுத்துக்கோங்க.