பெரியவளுக்கு ஒரு புத்தகம்

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார். கத்திரி இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் மத்தியானம் தெருவில் ஆளே இல்லை.

பெரியவளுக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' வாங்கிக் கொடு. 1993இல் வந்த நாவல், மறு வருடமே, அமெரிக்காவில் சிறுவர் புத்தகங்களுக்குக் கொடுக்கும் நியூபெரி பதக்கம் பெற்றது. ஆங்கிலம் எளிமையானது. எட்டாவது போகிறவளுக்கு அகராதி அதிகம் தேவைப்படாது.

கதை நடக்கும் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை. யாருக்கு யார் துணை, எந்த வீட்டுக்கு எந்தக் குழந்தை என்பதையெல்லாம் மூத்தோர் குழுவே முடிவு செய்துவிடும். பன்னிரண்டு வயதானால் வேலையையும் அவர்களே ஒதுக்குவார்கள். ஜோனாஸ் என்ற பையனுக்குக் கிடைப்பது, ஊரே மறந்துவிட்ட பழைய நினைவுகளை வாங்கிச் சுமக்கும் வேலை. அதுவரை சுமந்து வந்த கிழவர் அவன் முதுகில் கை வைத்து முதலில் கொடுப்பது பனி. நம் மார்கழிப் பனி இல்லை, வெள்ளையாகக் கொட்டும் பனி. அவன் அதைப் பார்த்ததே இல்லை. நானும்தான் பார்த்ததில்லை. இந்த வெயிலில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கு முன்பே ஒரு ஆப்பிள் வரும். அதில் அவன் என்ன பார்க்கிறான் என்று நான் சொல்ல மாட்டேன், அவளே கண்டுபிடிக்கட்டும்.

பாலாற்று மணலில் கையாலேயே ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்தோமே, நினைவிருக்கிறதா? என் பையனிடம் எத்தனை முறை சொல்லியும் அவன் நம்பவில்லை. அவனுக்குத் தெரிந்த பாலாறு முள்செடிதான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது கூட்டிப்போய்க் காட்டினேன். அன்று ராத்திரிதான் ஊற்றுக் கதையை முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேட்டான். அந்தக் கிழவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது.

ஒன்று மட்டும் கேள். அவளுக்கு முன்னால் நீ படித்துவிடு. ஜோனாஸின் அப்பா கைக்குழந்தைகளைப் பராமரிப்பவர், நல்ல மனிதர். அந்த ஊரில் 'விடுவிப்பது' என்றால் என்ன என்று தெரியவரும் அத்தியாயத்தில் என் பையன் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். வெகுநேரம் பேசவில்லை. அவள் அங்கே வரும்போது நீ வீட்டில் இரு.

இதைத் தொடர்ந்து இன்னும் மூன்று நாவல்கள் உண்டு. உடனே வாங்கிவிடாதே. கடைசிப் பக்கம் முடிந்ததும் ஜோனாஸ் பிழைத்தானா என்று கேட்பாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று திருப்பிக் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் காட்பாடி நண்பன்